மண் வாரினால் ஏரி மீளுமா? ‘குடிமராமத்து’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பவை

கோடை தொடங்கியதும் ‘ஏரி தூர்வாரும் பணி தொடக்கம்’ என்று செய்தி வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ‘நல்ல மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை’ என்று இன்னொரு செய்தி வருகிறது. பல நேரம் இரண்டும் ஒரே மாவட்டத்துச் செய்திகள். சில நேரம் ஒரே ஏரியைப் பற்றியவை. அள்ளி ஆழப்படுத்திய ஏரி ஏன் நிரம்பவில்லை என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். ஊரில் உள்ள பெரியவர்களுக்கு அது பெரிய புதிராகத் தெரிவதில்லை.

இதோடு, ஊர்க்குடிகளே நீர்நிலையைப் பழுதுபார்ப்பதைக் குறிக்கும் ‘குடிமராமத்து’ என்ற சொல்லும் சேர்ந்து குழப்புகிறது. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி, அதற்கு இந்தப் பழைய பெயரைச் சூட்டியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். 2019-20இல் அது சுமார் 500 கோடி ரூபாயாகவும் 1,829 பணிகளாகவும் வளர்ந்தது. குடிகள் செய்வதுதான் குடிமராமத்து என்றால் அரசு எதற்கு இவ்வளவு செலவிட வேண்டும்? அரசு செலவிட்டால் அது எப்படிக் குடிமராமத்து ஆகும்? முன்னோர் அறிவு மீட்கப்பட்டது என்று ஒரு தரப்பு சொல்கிறது. பெயர் மட்டுமே மீட்கப்பட்டது என்கிறது மறு தரப்பு. எது சரி என்று பார்க்க, ஏரி என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சொற்கள் சில

வட மாவட்டங்களில் ஏரி, மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய், திருநெல்வேலிச் சீமையில் குளம். பெயர்தான் வேறு, மூன்றும் பாசனத்துக்கானவை. குடிநீருக்கு வெட்டியது ஊருணி. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாக அரசுக் கணக்கு. 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு மேல் பாயும் ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. இவை ஏறத்தாழ 14,000. மீதியுள்ள சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம்.

ஓர் ஏரியின் நீர் பாயும் நிலப்பரப்பு ஆயக்கட்டு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். கரையிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வழி மடை அல்லது மதகு. ஏரி நிரம்பியபின் உபரிநீர் வழிந்தோடக் கட்டிய கல் தளம் கலிங்கு. வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு இதற்கு ஈடான சொல் கிடைக்கவில்லை போலும். ‘கலிங்குலா’ என்று தமிழையே வளைத்துத் தங்கள் கையேடுகளில் எழுதிக்கொண்டார்கள்.

குடிமராமத்து என்ற சொல்லில் ‘குடி’ தமிழ். ‘மராமத்து’ அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த சொல். பழுதுபார்த்தல் என்று பொருள். ஆகவே ‘சோழர் காலக் குடிமராமத்து’ என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். வேலை பழையது, அதற்கு இந்தப் பெயர் வந்தது பின்னால். சோழர் கல்வெட்டுகளில் ஏரி பராமரிப்புக்கு விட்ட நிலம் ஏரிப்பட்டி என்று வருகிறது.

ஒற்றை ஏரி என்று ஒன்று இல்லை

தமிழ்நாட்டின் சமவெளி மேற்கிலிருந்து கிழக்கே மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டால் மேட்டுப்பக்கம் திறந்த ஒரு நீர்நிலை கிடைக்கும். பள்ளம் தோண்ட வேண்டிய வேலை கிட்டத்தட்ட இல்லை. ஏரி என்பது தோண்டிய குழி என்று பலர் நினைப்பதால்தான் அதை மீட்பதென்றால் மேலும் தோண்டுவது என்றும் நினைக்கிறார்கள். ஏரியின் நீர்மட்டம் வயலைவிட உயரத்தில் நிற்க வேண்டும். மடையைத் திறந்ததும் தானாக ஓடிப் பாய வேண்டும். மோட்டார் இல்லாத காலத்தில் ஏரியின் பலமே அதன் மேட்டுத்தன்மைதான்.

மேல் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும். மேல் ஆயக்கட்டின் வடிகால் நீரும் அங்கேதான் சேரும். இப்படிப் பத்து, இருபது, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட ஏரிகள் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. வைகை முழுவதும் இப்படிக் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டே போய் இராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டுகிறது. அதே மாவட்டத்து இராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்கள். ஒரு நாரை ஒரே மூச்சில் கடக்க முடியாத அளவு நீளமான கரை என்று பொருள்.

சங்கிலியாக இருப்பதால் ஒரு விளைவு உண்டு. ஓர் ஊர் தன் கலிங்கின் மேல் பலகை அடைத்து, மண் பூசி, ஒரு சாண் தண்ணீர் கூடுதலாகத் தேக்கினால் கீழூருக்கு அந்த ஒரு சாண் குறையும். மேலூரில் சிலரது நிலம் முழுகும். கலிங்கின் உயரம் என்பது கல்லில் எழுதிய ஒப்பந்தம் போல. அதனால்தான் பழைய நீர்ச்சண்டைகளில் கலிங்குக் கல்லை யார் பெயர்த்தார், யார் வைத்தார் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் ஏரியை மட்டும் தனியே எடுத்து ‘மீட்டுவிட்டோம்’ என்று பலகை வைப்பதில் உள்ள சிக்கலும் இதுதான். அதற்கு மேலே உள்ள கால்வாயில் ஒரு மனைப்பிரிவு வந்திருந்தால் எவ்வளவு தூர்வாரியும் பயன் இல்லை.

கல்லிலும் மண்ணிலும் உள்ள அறிவு

மரபறிவு என்றதும் மக்கள் முதலில் காட்டுவது கட்டுமானத்தை. காட்டத்தக்கதுதான். புதுக்கோட்டைப் பகுதியின் பழைய கண்மாய்களில் இன்றும் நிற்கும் குமிழித் தூம்பு என்ற மடை நல்ல எடுத்துக்காட்டு. கரையிலிருந்து தள்ளி, ஏரிக்குள்ளேயே இரண்டு கல் தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் குறுக்கே கற்பலகைகள். அடியில் ஒரு கல்தொட்டி, அதில் துளைகள். மேல் துளை நீரோடி, கீழ்த்துளைகள் சேறோடி. ஆள் நீந்திப்போய் முழுகி அடைப்பைத் தூக்கினால் தெளிந்த நீரும், அடியில் படிந்த சேறும் சேர்ந்து கரைக்கடியில் உள்ள வழியாக வயலுக்குப் போகும். ஏரியில் சேரும் வண்டலை ஆண்டுதோறும் தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும் ஏற்பாடு இது. வண்டல் ஏரிக்குப் பாரம், வயலுக்கு உரம்.

(முழுகி மடை திறந்த ‘மடையர்’ என்ற சொல்தான் பிறகு வசையாக மாறியது என்று இணையத்தில் ஒரு கதை ஓயாமல் சுற்றுகிறது. அறியாமை என்ற பொருளில் ‘மடம்’ என்ற பழஞ்சொல் தமிழில் இருக்கும்போது அந்தக் கதைக்கு அவசியமே இல்லை.)

பயிர் செய்யும் முறையிலும் அதே கணக்கு தெரியும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் புழுதி விதைப்பு வழக்கம். நாற்றங்கால் விட்டு, ஏரி நிரம்பும்வரை காத்திருந்து, பிறகு நடுவது அங்கே ஆகாத காரியம். மழை எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது நிச்சயமில்லை. புரட்டாசிக்கு முன்னும் பின்னுமாக, காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். முதல் மழையில் முளைத்து, மானாவாரிப் பயிராகவே வளரும். கண்மாய் நிரம்பியபின் மடை திறந்து நீர் கட்டுவார்கள். கண்மாய்த் தண்ணீர் பயிரின் பின்பாதிக்கு மட்டும் போதும் என்பதால் சிறிய கண்மாயும் பெரிய ஆயக்கட்டைத் தாங்கியது. ஏரியின் கொள்ளளவை மட்டும் வைத்து ‘இத்தனை ஏக்கருக்கு இது போதாது’ என்று கணக்குப் போடும் மேசைக்கு இந்த ஏற்பாடு புலப்படாது.

நீர்க்கட்டி: ஏரியின் இயக்குநர்

தூண், தூம்பு, கலிங்கு எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன. அவற்றை இயக்கிய ஏற்பாடு தெரிவதில்லை. பாதுகாக்கத் தவறியதும் அதைத்தான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்காரர், கம்புகட்டி என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். வேலை ஏறத்தாழ ஒன்றுதான்:

1. ஊரார் முடிவு செய்த நாளில் மடையைத் திறப்பது, மூடுவது. வேறு யாரும் கை வைக்கக் கூடாது.

2. தலைமடையிலிருந்து கடைமடை வரை முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் கட்டுவது. நிலத்துக்காரர் வயலில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

3. மழைக்காலத்தில் இரவும் பகலும் கரையைச் சுற்றி வருவது. நண்டு வளை, எலி வளை, மரம் பட்டுப்போய் வேர் மக்கிய இடம், நீர் கசியும் இடம் ஆகியவற்றைக் கண்டு அடைப்பது. அடங்காவிட்டால் தமுக்கு அடித்து ஊரைக் கூட்டுவது.

4. மடைக்கல்லில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்து, இருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று ஊருக்குச் சொல்வது.

இந்த நான்காவது வேலைதான் அறிவின் உச்சம். மார்கழிக் கடைசியில் ஏரியில் பாதித் தண்ணீர் இருக்கிறது. பயிர் பொதி கட்டும் பருவம். எல்லோருக்கும் பாய்ச்சினால் யாருக்கும் போதாது. அப்போது எந்தப் பகுதிக்கு விடுவது, எதைக் கைவிடுவது என்ற முடிவை ஊர் எடுக்கும். அந்த முடிவுக்கான தரவு நீர்க்கட்டியின் தலைக்குள் இருந்தது. பல ஊர்களில் இவருக்கு ஆயக்கட்டில் சொந்த நிலம் கிடையாது. அது ஏற்பாட்டின் பகுதி. நிலம் இல்லாதவர் எந்த வயலுக்கும் சாய மாட்டார் என்ற நம்பிக்கை. இலங்கையின் வறண்ட வலயக் குளங்களில் ‘பெத்ம’ என்ற முறை உண்டு: தண்ணீர் குறைந்த போகத்தில் குளத்தை ஒட்டிய வயல்களை மட்டும் பயிரிட்டு, அந்தப் பரப்பை எல்லா நிலத்துக்காரருக்கும் தற்காலிகமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். பற்றாக்குறையைப் பங்கிடுவதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை இரு கரையிலும் கண்டிருக்கிறார்கள்.

கூலி பணமாக அல்ல. அறுவடை நாளில் களத்துமேட்டில், நெல் வீட்டுக்குப் போவதற்கு முன்பே, நீர்க்கட்டிக்கும் தச்சர், கொல்லர், வண்ணார் போன்றோருக்கும் பங்கு அளக்கப்படும். இந்தப் பங்குக்கு ‘சுதந்திரம்’ என்று பெயர்; உரிமைப் பங்கு என்ற பொருளில். சில ஊர்களில் ஊழிய மானியமாக நிலமும் உண்டு. விளைச்சல் பெருகினால் பங்கும் பெருகும். பயிர் காய்ந்தால் நீர்க்கட்டி வீட்டிலும் உலை காயும்.

அப்படியானால் அது பொற்காலமா?

இல்லை. மரபறிவு பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில் வழுக்குகிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் காட்டாத ஏரிக் கட்டுரை இல்லை. முதலாம் பராந்தகன் காலத்தவை. 919, 921ஆம் ஆண்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் வாரியங்களுக்கு, அதாவது ஊர்ப் பொறுப்புக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தார்கள். அவற்றில் ஒன்று ஏரி வாரியம். கணக்குக் காட்டாதவரும் அவரது உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது என்ற விதியை இன்று படித்தாலும் வியப்பு வரும். ஆனால் அந்த ஊர் பிராமணர்களுக்கு விடப்பட்ட பிரமதேயம். தேர்வில் நிற்கக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70க்குள் வயது, வேத அறிவு ஆகியவை வேண்டும். கரைக்கு மண் சுமந்தவர் பெயர் அந்தக் குடத்துக்குள் போயிருக்க வாய்ப்பே இல்லை.

பிற்காலக் கிராமங்களிலும் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித் சாதிகளைச் சேர்ந்தவர்கள். நடுநிலை என்று மேலே சொன்னதன் மறுபக்கம் நிலமின்மை. இரவில் உடைப்பை அடைக்க மார்பளவு நீரில் இறங்கியவருக்கு, ஊருணியில் தண்ணீர் மொள்ள உரிமை இல்லாத ஊர்கள் இருந்தன. அறிவு ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருந்தன. அந்த வேலையிலிருந்து அடுத்த தலைமுறை விலகியதை ‘மரபின் அழிவு’ என்று மட்டும் எழுதுவது, விலகியவர்களின் பக்கத்து நியாயத்தை மறைப்பதாகும்.

உழைப்பும் எப்போதும் விருப்பத்தோடு வந்ததில்லை. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் என்று வரத்துக் கால்வாய் வெட்டுவதும் கரை கட்டுவதும் வழக்கமாக இருந்தது உண்மை. வராதவர்களும் இருந்தார்கள். 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. உடைப்பு ஏற்படும் ஆபத்தில் ஊராரை வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்து வேலைக்கு வராதவரிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு வசூலிக்கவும் அது வழி செய்தது. வழக்கம் தானாக நடந்துகொண்டிருந்தால் சட்டம் தேவைப்பட்டிருக்காது.

எங்கே அறுந்தது

ஒரே நாளில் அறுபடவில்லை. நூல் நூலாகப் பிரிந்தது. வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.

1. வருவாய். வெள்ளையர் ஆட்சி கொண்டுவந்த ரயத்துவாரி முறையில் நிலவரி ஒவ்வொரு உழவரிடமிருந்தும் நேராக அரசுக்குப் போனது. ஊரின் பொது விளைச்சலில் ஏரிக்கென்று ஒதுக்கிவந்த பங்கு மெலிந்தது. 1858இல் அமைந்த இனாம் ஆணையம் மானிய நிலங்களின் உரிமையை ஆராய்ந்து மாற்றி எழுதத் தொடங்கியபின், ஊழிய நிலங்கள் பலவும் வேலையிலிருந்து பிரிந்து தனியுடைமை ஆயின.

2. பொறுப்பு. பொதுப்பணித் துறை உருவானது. பெரிய பழுது துறைக்கு, சிறிய பழுது குடிகளுக்கு என்று பிரித்தார்கள். எது பெரியது, எது சிறியது என்பதில் இரு தரப்பும் மறுதரப்பைக் கைகாட்டின. 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைக் கண்மாய்களும் அரசிடம் வந்தன. ஜமீன்தார் ஒழிந்தது நல்லது. ஆனால் அவரிடம் சண்டை போட்டாவது கரை போடவைத்த ஊர், இனி மனு எழுதிக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

3. பம்புசெட். இதுதான் பெரிய வெட்டு. கிணறும் மின் மோட்டாரும் வந்தபின் வசதியுள்ள உழவருக்கு முறைத் தண்ணீர் தேவையில்லை. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்தது. ஊர்க்கூட்டத்தில் குரல் உள்ளவர்கள் கிணறு வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு ஏரியில் தண்ணீர் நின்றாலே போதும், கிணற்றில் ஊறும். மடையைத் திறக்காதே என்பது அவர்களது விருப்பம். கிணறு இல்லாதவருக்கு மடை திறந்தாக வேண்டும். ஒரே ஏரி, எதிரெதிர் தேவைகள். 1960களில் மாநிலத்தின் பாசனப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏரிகள் பார்த்துக்கொண்டன. இன்று அந்தப் பங்கில் பாதிகூட இல்லை. மொத்தப் பாசனத்தில் பாதிக்கு மேல் கிணறு.

4. களம். இதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் நெல் வயலிலேயே மூட்டையாகி லாரி ஏறுகிறது. களத்துமேடு இல்லை. ஊரார் முன்னிலையில் பங்கு அளக்கும் இடம் மறைந்ததும், நீர்க்கட்டி வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டிய நிலை. உரிமைப் பங்கு, கெஞ்சிப் பெறும் கூலியாயிற்று.

5. இடம். சென்னையில் தியாகராய நகர் முளைத்தது மாம்பலம் ஏரிப் படுகையில். ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர் இருக்கிறது. பார்க்க ஏரி இல்லை. மற்ற ஊர்க் கதைகள் எல்லோருக்கும் தெரிந்தவை.

2017 திட்டம் எதை மீட்டது?

திட்டத்தின் வடிவம் இது: பணியை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்காமல் ஆயக்கட்டுதாரர் சங்கத்திடம் கொடுப்பது, மதிப்பீட்டில் 10 விழுக்காட்டைச் சங்கம் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தருவது, மீதியை அரசு தருவது. காகிதத்தில் இது முந்தைய திட்டங்களைவிட முன்னேற்றமே. 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியுடன் தொடங்கிய ஏரி நவீனமயமாக்கல் பெரும்பாலும் பொறியாளர் கையில் இருந்தது. பின்னால் உலக வங்கிக் கடனில் வந்தவையும் பெரும்பாலும் சிமென்ட் வேலைகள்தான்.

நடைமுறையில் கேட்க வேண்டிய கேள்வி, சங்கம் எப்போது பிறந்தது என்பது. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான மாநிலச் சட்டம் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மடை திறப்பு, முறை வைப்பு, கணக்கு என்று ஆண்டு முழுதும் இயங்கும் சங்கம் உள்ள ஊரில் 10 விழுக்காடு உண்மையான பங்களிப்பாக இருக்கும். பணி வருகிறது என்பதற்காகவே கூட்டிய சங்கம் என்றால், அந்த 10 விழுக்காடு யாரோ ஒருவரின் முதலீடாகிவிடும். அவர் அதைத் திரும்ப எடுக்கத்தான் பார்ப்பார். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து ‘வயலகம்’ என்ற பெயரில் ஆயக்கட்டுச் சங்கங்களை அமைத்துவருகிறது. அங்கே முதலில் சங்கம், பிறகு வேலை. இந்த வரிசை சின்ன விஷயமாகத் தோன்றலாம். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

தூர்வாருவது ஏன் முதல் வேலையாக இருக்கக் கூடாது என்பதற்குக் கணக்கே போதும். நீர்ப்பரப்பு 100 ஏக்கர் உள்ள நடுத்தர ஏரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஓர் அடி மண்ணைச் சீராக அள்ள வேண்டும்.

ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. 100 ஏக்கரில் ஓர் அடி என்றால் 43.56 லட்சம் கன அடி. 100 கன அடி ஒரு யூனிட். இரண்டு யூனிட் ஏற்றும் டிப்பர் என்றால் 21,780 நடை. ஒரு நாளைக்கு 100 நடை ஓட்டினாலும் ஏழு மாதம். ஏரி காய்ந்து கிடப்பதோ மூன்று, நான்கு மாதம்தான். இவ்வளவுக்குப் பிறகு கூடுதலாகக் கிடைப்பது 100 ஏக்கர் அடித் தண்ணீர். நெல்லுக்கு ஒரு போகத்துக்கு நான்கடித் தண்ணீர் என்று வைத்தால் 25 ஏக்கருக்குக் காணும். அதுவும் ஏரி முழுதாக நிரம்பினால் மட்டும்.

அதனால் பெரும்பாலான பணிகளில் ஏரி முழுவதும் அள்ளப்படுவதில்லை. எளிதாக டிப்பர் போகும் இடத்தில், மண் நன்றாக விலைபோகும் இடத்தில் ஆழமாக வெட்டுகிறார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே போகும் பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்கு ஏறாது; மாடு குளிக்கும், மீன் வளரும், கிணறு கொஞ்சம் ஊறும். அடியில் உள்ள களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் தண்ணீர் நிற்காமலும் போகலாம். அள்ளிய மண்ணைக் கரையின் உட்சரிவில் கொட்டினால் முதல் மழையில் அதே மண் ஏரிக்குள் இறங்கிவிடும்.

ஊரார் வைத்திருந்த வரிசை வேறு. முதலில் வரத்துக் கால்வாய்; தண்ணீர் வந்து சேர்ந்தால்தான் மற்றதெல்லாம். இரண்டாவது மடையும் கலிங்கும். ஒழுகினால் வந்ததும் நிற்காது. மூன்றாவது கரை. வண்டல் கடைசி. அதுவும் தனித் திட்டமாக இல்லாமல், சித்திரை, வைகாசியில் வண்டி கட்டிக் கரம்பை அள்ளி வயலுக்கு அடிப்பது என்று ஆண்டுதோறும் கொஞ்சமாக நடந்தது. மணற்பாங்கான நிலத்துக்கு ஈரம் பிடிக்கும் மண்ணும், களிமண் நிலத்துக்கு மக்கிய சத்தும் கிடைத்தன. எந்த மூலை வண்டல் எந்த நிலத்துக்கு ஆகும் என்று தெரிந்து அள்ளினார்கள். இடையில் ஏரி மண் கனிம விதிகளுக்குள் போனது; ஒரு வண்டி அள்ளவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 2017இல் விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுக்க அரசு விதியைத் தளர்த்தியது நல்ல திருத்தம். வண்டல் என்ற பெயரில், மனையும் சாலையும் நிரப்ப விலைபோகும் சவுடும் கிராவலும் போகிறதா என்று பார்க்க வேண்டியது தனி வேலை.

மிச்சமுள்ள கேள்வி: சம்பளம் யார் தருவது?

பழைய சாதி ஏற்பாட்டைத் திரும்பக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. ஆனால் நீர்க்கட்டி செய்த நான்கு வேலைகளும் அப்படியே இருக்கின்றன. பெரிய ஏரிகளில் நீர்வளத் துறையின் களப்பணியாளரான லஸ்கர் மடையின் ஷட்டரைத் திறக்கிறார். அவர் பொறுப்பில் பல ஏரிகள் இருப்பதால் கார்த்திகை இரவில் ஒரு கரையின் நண்டு வளையைத் தேடி அவரால் நடக்க முடியாது. ஒன்றியத்து ஏரிகளுக்கு அந்த ஆளும் கிடையாது.

ஏரியிலிருந்து வரும் வருமானம் இன்றும் இருக்கிறது. மீன் பாசிக் குத்தகை, கரைப் பனைகள், சமூகக் காடு வளர்ப்பில் ஏரிக்குள் நட்ட கருவேல மரங்கள். மீன் ஏலம் ஓர் அலுவலகத்திடம், மரம் இன்னொன்றிடம், தண்ணீர் மூன்றாவதிடம். ஏலத்தொகை பொதுக்கணக்குக்குப் போய்விட்டால் அதே ஏரியின் மடைக்குத் திரும்பி வர வழியில்லை. ஊரே பொதுவாக மீன் ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் மடைக்காரருக்கு மாதச் சம்பளமும் கால்வாய் வெட்டும் கூலியும் கொடுக்கும் ஊர்களில் தண்ணீர் முறையாகப் பாய்கிறது. சங்கங்களின் உறுப்பினர் உரிமை நிலவுடைமையைச் சார்ந்தே இருப்பதால், மடையைத் தெரிந்தவருக்குக் கூட்டத்தில் இன்னும் நாற்காலி இல்லை. குத்தகைப் பணத்தை ஏரிக்கணக்கில் தனியே வைப்பதும், அந்தக் கணக்கில் மடைக்காரரைச் சம்பளத்தோடும் வாக்கோடும் சேர்ப்பதும் அரசாணை அளவிலேயே தொடங்கக்கூடிய வேலைகள். தூர்வாரும் மதிப்பீட்டில் இந்த இரண்டுக்கும் இதுவரை ஒரு வரிகூட இல்லை.